ஒரே மேசை, ஒரே பணப்பை: ஜார்ஜியாவின் கொய்னோனியா பண்ணை

சபை சார்பில் ஒரு கூட்டுறவு ஆரம்பிக்கலாம் என்று பேசும் கூட்டங்களில் நானும் சிலமுறை உட்கார்ந்திருக்கிறேன். முதல் ஒரு மணி நேரம் ஒரே உற்சாகமாகப் போகும். சங்கத்துக்கு என்ன பெயர், லெட்டர்பேடில் எந்த வசனம், கூட்டத்தை யார் ஜெபம் பண்ணித் தொடங்குவது. அப்புறம் பணத்துக்கு வருவார்கள், அந்த நிமிடமே வேதாகமம் மூடப்பட்டுவிடும். வட்டி எத்தனை சதவீதம், யாரை உறுப்பினராகச் சேர்ப்பது, நஷ்டம் வந்தால் யார் தலையில் கட்டுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் பக்கத்துத் தெரு சீட்டுக் கம்பெனியின் விதிகள்தான் பதில். விசுவாசம் லெட்டர்பேடோடு நின்றுவிடும்.

இதற்கு நேர் எதிராக நடந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சம்டர் கவுண்டி என்று ஒரு விவசாயப் பகுதி இருக்கிறது, பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் சொந்த ஊரும் அங்கேதான். 1942 இல் அங்கே கொய்னோனியா என்ற பண்ணை தொடங்கியது. சட்டப்படி அது பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சேர்ந்து உழைத்து, சேர்ந்து சொத்து வைத்து, சேர்ந்து முடிவெடுப்பது கூட்டுறவு என்றால், பல பதிவுச் சங்கங்களைவிட அது ஆழமான கூட்டுறவாக இருந்தது. அதோடு விசுவாசத்தை நடுவில் வைத்தது, ஒருமுறை அங்கிருந்து நகர்த்தியது, பிறகு திரும்பக் கொண்டுவந்தது. அந்த மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்பதால்தான் இதை எடுத்தேன்.

கொய்னோனியா ஒரு கிரேக்கச் சொல். நம் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் 2 ஆம் அதிகாரத்தில், முதல் விசுவாசிகள் அந்நியோந்நியத்தில் உறுதியாய்த் தரித்திருந்ததாக வருகிறதே, அந்த அந்நியோந்நியம்தான். அடுத்த இரண்டு வசனம் தள்ளி, அவர்கள் சகலத்தையும் பொதுவாய் வைத்து அநுபவித்ததும் வரும். முதல் வசனத்தில் பிரசங்கம் வைப்பவர்கள் அநேகர். இரண்டாவதைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றியவர்கள் அபூர்வம்.

தொடங்கியவர் கிளாரன்ஸ் ஜோர்டன். ஜார்ஜியாவில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். முதலில் விவசாயப் படிப்பு, பிறகு பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் முனைவர் பட்டம். இந்த இரண்டு படிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் விசேஷம். மண்ணும் தெரியும், மூலமொழியும் தெரியும். மனைவி ஃப்ளாரன்ஸ். கூட வந்தவர்கள் மார்ட்டின் இங்கிலாந்து, அவர் மனைவி மேபெல். மார்ட்டின் பர்மாவில் மிஷனரியாக இருந்து, யுத்தத்தால் திரும்பிப் போக முடியாமல் ஊரில் இருந்தவர். ஆரம்பத்தில் இருவர் கையிலும் சேர்த்து 57 டாலர் சொச்சம்தான் இருந்தது என்று ஒரு கதை உண்டு. மற்றவரிடம் பணம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். எப்படியோ நன்கொடை திரட்டி 440 ஏக்கர் வாங்கினார்கள். மண் அரித்துப்போன, யாரும் ஆசைப்படாத நிலம்.

முதல் வேலை அந்த மண்ணைத் தேற்றுவது. அடுத்தது, சுற்றியிருந்த ஏழை விவசாயிகளுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பது. அந்தப் பகுதிக்குக் கோழி வளர்ப்பைக் கொண்டுவந்து, முட்டை விற்க அக்கம்பக்கத்தாரோடு ஒரு கூட்டுறவும் அமைத்தார்கள். மாடு இல்லாத வீட்டுக்குக் கறவை மாட்டை இரவல் கொடுத்தார்கள். பால் வற்றினால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாடு ஓட்டிக்கொண்டு போகலாம், நூலகத்தில் புத்தகம் மாற்றுவது போல.

இதுவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. பிரச்சினை சாப்பாட்டு மேசையில் வந்தது.

பண்ணையில் வேலை செய்த கறுப்பினத்தவர் ஒருவர் இவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். 1940களின் ஜார்ஜியாவில் இது சின்ன விஷயமில்லை, வயலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்யலாம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்னக் கூடாது. (இதைப் புரிந்துகொள்ள நம் ஆட்களுக்கு விளக்கவுரை வேண்டாம் என்று நினைக்கிறேன். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகள் நம்மிடமும் உண்டு.) கறுப்பினத்தவரை மிரட்டித் தாக்கிவந்த கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள் வந்து, இப்படிச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் மேல் இங்கே சூரியனை அஸ்தமிக்க விடமாட்டோம் என்றார்களாம். கிளாரன்ஸ் கை நீட்டிக் குலுக்கி, சூரியன்மேல் அதிகாரம் உள்ளவர்களைப் பற்றி இறையியல் கல்லூரியில் படித்திருக்கிறேன், நேரில் சந்திப்பேன் என்று நினைக்கவில்லை என்று சொன்னதாக அவரே சொல்லிவந்த கதை. அவர்கள் சிரித்துவிட்டார்கள், சூரியனும் வழக்கம்போல் அஸ்தமித்தது.

1950 இல் சபை நீக்கம் நடந்தது, அதற்குக் காரணமாக அமைந்தவர் ஒரு இந்திய மாணவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அவர் பண்ணைக்கு வந்தபோது, கிறிஸ்தவ ஆராதனை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார். ரெகொபோத் பாப்டிஸ்ட் சபைக்கு அழைத்துப்போனார்கள். கறுத்த தோலைக் கண்டதும் சபையார் அவரைக் கறுப்பினத்தவர் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு புறஜாதியான் சுவிசேஷம் கேட்க வந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது! டீக்கன்மார் விசாரிக்க வந்தபோது கிளாரன்ஸ் வேதாகமத்தை நீட்டி, நான் எந்த வசனத்தை மீறினேன் என்று காட்டுங்கள் என்றார். இந்த வேதாகமப் பேச்செல்லாம் எங்களிடம் வேண்டாம் என்பதுதான் பதிலாக வந்ததாம். பண்ணைக்காரர்களை நீக்கும் தீர்மானம் சபையில் வாசிக்கப்பட்டபோது, அதை ஏற்றுக்கொள்ளும்படி முன்மொழிந்து எழுந்தவர் ஃப்ளாரன்ஸ் ஜோர்டனே. சபையார் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்வார்கள்.

மேசையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பண்ணையில் விசுவாசம் எங்கே இருந்தது என்று கேட்டால், ஜெப நேரத்தில் என்று நான் சொல்லமாட்டேன். ஜெபம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் ஜெபத்தைப் பற்றி ஊரில் யாரும் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்தது மேசைக்கும் பணப்பைக்கும்தான்.

பணப்பை

உறுப்பினராவது எப்படி என்பதில் முதல் சில வருடம் தெளிவில்லை. 1951 இல்தான் எழுத்து மூலமான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதன் சாரம், கிறிஸ்துவில் வெளிப்பட்ட தேவராஜ்யத்துக்கு முழுமையாக, நிபந்தனையின்றி ஒப்புக்கொடுப்பது. அதற்குமுன் கொஞ்ச காலம் தங்கிப் பழக வேண்டும், படிப்படியாகத்தான் முழு உறுப்பினர். முழு உறுப்பினர் என்றால் சொந்தச் சொத்து கிடையாது, வருமானம் பொதுப் பணப்பைக்குப் போகும், தேவைக்குத் தகுந்தாற்போல் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று: வெறுங்கையோடு வா. சேருகிறவர் தன் பணத்தைக் கொண்டுவந்து பண்ணையில் கொட்டவேண்டியதில்லை. வருமுன்பே வேறு எங்காவது கொடுத்துவிட்டு வந்தால் போதும். பெருந்தொகை வைத்திருந்த ஒரு பெண்மணி சேர விரும்பியதைப் பற்றி கிளாரன்ஸ் சொல்வார். அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள், இங்கே கொண்டுவந்தால் நாங்கள் நிலக்கடலை போடுவதை விட்டுவிட்டு இறையியல் பேச உட்கார்ந்துவிடுவோம், நீங்களும் எங்களுக்கெல்லாம் நீங்கள்தான் சோறு போடுவதாக நினைக்க ஆரம்பித்துவிடுவீர்கள் என்றாராம். நிதி திரட்டுவதைப் பற்றிக் கூட்டுறவுப் பாடப்புத்தகம் ஆயிரம் சொல்லும். பெரிய பங்குதாரர் ஒருவர் வந்ததும் சங்கத்தின் சுபாவமே மாறிவிடும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர்களை நான் கண்டதில்லை.

1956 இல் சோதனை முற்றியது. அட்லாண்டாவில் வெள்ளையர் மட்டும் படித்த ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்த கறுப்பின மாணவர்களுக்கு கிளாரன்ஸ் கையெழுத்துப் போட்டு உதவ முன்வந்தார், செய்தி பத்திரிகையில் வந்தது. அதிலிருந்து சம்டர் கவுண்டியே அவர்களை ஒதுக்கிவைத்தது. முட்டை வாங்க ஆளில்லை. விதை, உரம், எரிவாயு விற்க ஆளில்லை. வங்கி கடன் தர மறுத்தது, காப்பீட்டுக் கம்பெனிகள் கையை விரித்தன. சாலையோரக் கடையில் 1956 ஜூலையில் குண்டு வெடித்தது, 1957 ஜனவரியில் மறுபடியும் வெடித்து அந்தக் கடையே போனது. இரவில் வீடுகளை நோக்கிச் சுட்டார்கள். பண்ணையாட்கள் ஆயுதம் இல்லாமல் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். 1957 ஈஸ்டர் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து வந்த கத்தோலிக்கச் செயற்பாட்டாளர் டோரதி டே அப்படி ஒரு காவல் இரவில் காரில் உட்கார்ந்திருந்தபோது அவரை நோக்கியும் துப்பாக்கி வெடித்தது. அவர்களுக்குத் தீவனம் விற்ற ஒரு கடையிலும் குண்டு வைத்தார்கள். அதற்குப்பின் ஊர்ப் பெரிய மனிதர்கள் பண்ணைக்கு வந்து வைத்த கோரிக்கை என்ன தெரியுமா? ஊர் அமைதிக்காக நீங்கள் கிளம்பிவிடுங்கள். கவுண்டியின் விசாரணைக் குழுவோ, இது கிறிஸ்தவமே அல்ல, கம்யூனிசம் என்று அறிக்கை எழுதிவைத்தது.

எப்படிப் பிழைத்தார்கள்? உள்ளூரில் விற்க முடியாததைத் தபாலில் விற்றார்கள். ஜார்ஜியாவில் பெக்கான் என்ற கொட்டை நன்றாக விளையும், அதைச் சுத்தம் பண்ணிப் பெட்டியில் போட்டு நாடு முழுக்க அனுப்பினார்கள். ஜார்ஜியாவிலிருந்து நட்ஸை வெளியேற்ற உதவுங்கள் என்பது அவர்கள் விளம்பர வாசகம். ஆங்கிலத்தில் நட்ஸ் என்றால் கொட்டையும்தான், கிறுக்கர்களும்தான். நட்டு கழண்ட ஆசாமிகள் யார் என்று ஊருக்கே தெரிந்திருந்ததால் விளக்கம் தேவைப்படவில்லை. வங்கி விட்ட இடத்தில் தூரத்து நண்பர்கள் கடன் கொடுத்தார்கள். காப்பீட்டுக்குப் பதிலாக, இழப்பு வந்தால் ஆளுக்கு 50 டாலர்வரை தருகிறோம் என்று ஏராளமானோர் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு கூட்டுறவின் பார்வையில் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய விசுவாசம்தான் சந்தையை அழித்தது, அதே விசுவாசம்தான் இன்னொரு சந்தையையும் கொண்டுவந்தது. மேசையை மட்டும் பிரித்துப் போட்டிருந்தால் உள்ளூர் வாடிக்கையாளர்கள் ஒருவரும் போயிருக்கமாட்டார்கள், ஆனால் பெக்கான் வாங்க வேற்றூர்க்காரர்கள் ஒருவரும் வந்திருக்கவும் மாட்டார்கள்.

சரி, இதையெல்லாம் வீரகதையாகவே சொல்லிக்கொண்டு போகலாம். அப்படிச் செய்தால் அது ஆய்வாக இருக்காது. ஆட்கள் தேய்ந்துகொண்டே வந்தார்கள். ஒதுக்கிவைத்தல் தொடங்கியபோது சுமார் 60 பேர் இருந்த இடத்தில், 1968 வாக்கில் மிஞ்சியது இரண்டே குடும்பம். பயம் ஒரு காரணம். சேர்ந்து வாழ்வதன் அலுப்பும் மனத்தாங்கலும் இன்னொரு காரணம், அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதுவதில்லை. எதற்கெடுத்தாலும் எல்லாரும் கூடி ஒரே மனதாக முடிவெடுக்க வேண்டும் என்றால், வருடக்கணக்கில் அது ஆளைத் தின்றுவிடும். கிளாரன்ஸே அந்தக் காலத்தில் பெரும்பாலும் வயலில் இருந்த சின்னக் குடிலில் உட்கார்ந்து, புதிய ஏற்பாட்டைத் தெற்கத்தி நாட்டுப்புறப் பேச்சில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அதில் எருசலேம் அட்லாண்டா ஆகிவிடும். சிலுவையில் அறைவது, கும்பல் சேர்ந்து மரத்தில் தூக்கிலிடுவதாக மாறிவிடும். அந்த மண்ணில் அது யாருக்கு நடந்தது என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

வட்டியில்லாக் கடன்

மில்லார்ட் ஃபுல்லர் என்ற அலபாமா வழக்கறிஞர் முப்பது வயதுக்குள் லட்சாதிபதியாகி, குடும்பம் உடையப்போகும் நிலையில் சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டவர். 1965 இல் மனைவியோடு இரண்டு மணி நேரம் எட்டிப்பார்க்க வந்து ஒரு மாதம் தங்கிவிட்டார். 1968 இல் திரும்பி வந்ததும், பண்ணை கொய்னோனியா பார்ட்னர்ஸ் என்ற புது உருவம் எடுத்தது. பொதுப் பணப்பையிலிருந்து வெளியுலகத்தை நோக்கி வந்த மாற்றம் இது. சுற்றி இருந்த கறுப்பினக் குடும்பங்கள் பிறர் நிலத்தை விளைச்சலில் ஒரு பங்குக்கு உழுதவர்கள், இயந்திரம் வந்ததும் அதையும் இழந்து, ஒழுகும் குடிசைகளில் இருந்தார்கள். ஏழைக்குத் தேவை தர்மம் அல்ல மூலதனம், பணக்காரனுக்குத் தேவை மிச்சத்தை இறக்கிவைக்க ஒரு கௌரவமான வழி என்பது கிளாரன்ஸின் வாதம். மானுட நிதி என்று ஒரு சுழல்நிதி ஏற்படுத்தினார்கள். நன்கொடையும் வட்டியில்லாக் கடனும் உள்ளே வரும், அதில் வீடு கட்டுவார்கள், வீட்டுக்காரர் 20 வருடத்தில் லாபமோ வட்டியோ இல்லாமல் அசலைத் திருப்புவார், அந்தப் பணத்தில் அடுத்த வீடு.

கணக்கைப் பாருங்கள். 6,000 டாலர் வீடு, 240 மாதத் தவணை, மாதம் 25 டாலர். வங்கி வட்டி சேர்த்தால் அதே வீட்டுக்கு அந்தக் குடும்பம் தவணையே கட்டியிருக்க முடியாது. உன் நடுவிலுள்ள ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி சுமத்தாதே என்று யாத்திராகமத்தில் வரும் கட்டளையை இவர்கள் தவணை அட்டையில் எழுதினார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரியது என்று பிறகு தெரிந்தது. ஃபுல்லர் இதே முறையை ஆப்பிரிக்காவில் ஸயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டிலும் செய்துபார்த்துவிட்டு, 1976 இல் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார். உலகமெங்கும் வீடு கட்டும் அந்த அமைப்பின் முதல் வரைபடம் இந்தப் பண்ணையில் போட்டதுதான்.

கிளாரன்ஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1969 அக்டோபர் 29 அன்று அதே குடிலில் மாரடைப்பால் இறந்தார், வயது 57. முதல் வீடு அப்போது கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. பிணப் பரிசோதனை அதிகாரி பண்ணைக்கு வர மறுத்ததால் ஃபுல்லரே உடலைக் காரில் வைத்து நகரத்துக்குக் கொண்டுபோனார். பலகைப் பெட்டியில் வைத்து, பெயர் பொறிக்காத குழியில் அடக்கம் செய்தார்கள்.

வீடு கட்டும் வேலை செழித்த அதே காலத்தில்தான் உள்ளே ஒரு கோணல் வளர்ந்தது, எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமான பகுதி இதுவே. பொதுப் பணப்பையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த வெள்ளையர். பெக்கான் ஆலையிலும் மற்ற வேலைகளிலும் இருந்த அக்கம்பக்கத்துக் கறுப்பினத்தவர் சம்பளக்காரர்கள். முடிவெடுப்பவர்கள் ஒரு பக்கம், வேலை செய்பவர்கள் இன்னொரு பக்கம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உடன்படிக்கையே அப்படி ஆட்களைப் பிரித்துவிட்டது. நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்து, கார், வீடு, பட்டம் எல்லாம் பார்த்து அலுத்தவனுக்கு எல்லாவற்றையும் துறப்பது விடுதலை. தலைமுறை தலைமுறையாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவனிடம் போய்ச் சொந்தச் சொத்தைத் துறந்துவிட்டு வா என்றால் அவன் எதைத் துறப்பான்? அவனுக்கு நற்செய்தி என்பது தன் பெயரில் ஒரு வீடு. விசுவாசத்தை நடுவில் வைத்த விதியே மேசையை மறுபடி இரண்டாகப் பிரித்துவிட்டது, இந்த முறை சத்தமில்லாமல்.

இதைச் சரிசெய்யத்தான் 1993 இல் பொதுப் பணப்பையைக் கலைத்தார்கள். நிர்வாகக் குழு, இயக்குநர், ஊழியர்கள் என்று வழக்கமான தொண்டு நிறுவன அமைப்புக்கு மாறினார்கள். நோக்கம் நல்லதுதான், நிர்வாகத்தில் கறுப்பினத்தவருக்கு இடம் வர வேண்டும் என்பதுதான். ஆனால் என்ன நடந்தது என்றால், உறுப்பினராக இருந்தவர்கள் எல்லாரும் ஊழியர் ஆனார்கள். ஊழியருக்கு வேலை நேரம் உண்டு, சம்பள எதிர்பார்ப்பு உண்டு, மாலையில் வீடு உண்டு. விசுவாச அறிக்கையை யாரும் அழிக்கவில்லை, அது சுவரிலேயே இருந்தது. ஆனால் அதைச் சுமந்த விதிகள் இல்லாமல் போனதால் அது அலங்காரமாகிவிட்டது. பண நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2005 இல் உடன்படிக்கையோடு சேர்ந்து வாழும் கிறிஸ்தவக் குடியிருப்பாகத் திரும்பவும் மாறி, கொய்னோனியா பண்ணை என்ற பழைய பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், 1993 இல் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள், மருந்துதான் தவறு. கதவு குறுகலாக இருந்தது. கதவை அகலப்படுத்துவதற்குப் பதிலாக வீட்டுக்குள் இருந்த அடுப்பையே அணைத்துவிட்டார்கள். பொதுப் பணப்பையில் சேராமலே முடிவெடுப்பதில் பங்குபெற இரண்டாவது வகை உறுப்பினர் முறை ஒன்றைப் பத்து இருபது வருடம் முன்பே யோசித்திருக்கலாம். தூரத்திலிருந்து சொல்வது சுலபம் என்பதும் தெரியும்.

ஸ்பெயின் பக்கம் ஒரு பார்வை

ஒப்பிட மொன்ட்ரகோன் என்ற தொழிலாளர் கூட்டுறவுக் குழுமத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், 1941 இல் ஊருக்கு வந்த அரிஸ்மெண்டியரியெத்தா என்ற கத்தோலிக்க குருவானவர் தொழிற்பள்ளி தொடங்கி, அவர் மாணவர்கள் ஐந்து பேர் அடுப்பு செய்யும் உல்கோர் தொழிற்சாலையை நிறுவினார்கள். அதன் மொன்ட்ரகோன் ஆலை திறந்தது 1956 இல், அதாவது ஜார்ஜியாவில் கடை மேல் குண்டு விழுந்த அதே வருடம். 1959 இல் சொந்தமாக ஒரு வங்கி. குருவானவர் கடைசிவரை எந்தப் பதவியிலும் உட்காரவில்லை, ஆலோசகர் மட்டுமே. உறுப்பினராக மதம் ஒரு நிபந்தனையாக இருந்ததே இல்லை. சபையின் சமூகப் போதனையை அவர் சம்பள விகிதத்தில் வைத்தார், தொடக்கத்தில் மேலதிகாரிக்கும் கடைநிலைத் தொழிலாளிக்கும் இடையே மூன்றுக்கு ஒன்று. இன்று அங்கே சுமார் 70,000 பேர் வேலை செய்கிறார்கள். 2013 இல், அந்த உல்கோரின் வழிவந்த அவர்களுடைய மூத்த நிறுவனமான ஃபாகோர் திவாலானபோது, அங்கிருந்த உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு மற்ற கூட்டுறவுகளில் இடம் தேடிக் கொடுத்தார்கள்.

எது வெற்றி என்று கேட்காதீர்கள். மொன்ட்ரகோனில் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பது கூட்டுறவின் கேள்வியே அல்ல. கொய்னோனியாவில் அந்தக் கேள்வியை விட்டால் வேறு எதுவும் மிஞ்சாது. ஆனால் இரண்டு இடத்திலும் விசுவாசம் நிலைத்த மட்டும், அது நிலைத்தது சம்பள விகிதத்தில், வட்டி விகிதத்தில், யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதில்.

பண்ணை இப்போதும் இருக்கிறது. சிறிய குழுதான். காலை ஜெபம் உண்டு, மதியம் மணியடித்ததும் உறுப்பினர்கள், பயிற்சிக்கு வந்தவர்கள், வழிப்போக்கர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் சாப்பிட உட்காருகிறார்கள். பெக்கான் இன்னும் தபாலில்தான் போகிறது. சற்றுத் தள்ளி, அந்தச் சுழல்நிதியில் எழுந்த வீடுகள் இருக்கின்றன. கடன் அடைத்துப் பத்திரம் கையில் வாங்கியவர்கள் அங்கே உண்டு. அவர்களில் எவரும் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டியிருக்கவில்லை.